வீட்டு மதுவும் சுவை விமரிசனமும்

சுவை என்பது நாவின் இயல்பு மட்டுமன்று. அது சமுதாயத்தின் விளைவுமாகும். எதனைப் பருகுவது நாகரிகம், எதனைப் பருகுவது இழிவு, எதனை வீட்டிற் செய்வது கலை, எதனைச் செய்வது குற்றம் என்பனவற்றை நாக்குத் தீர்மானிப்பதில்லை. சொத்தும் சட்டமும் கல்வியுமே தீர்மானிக்கின்றன. இலக்கியத்தைப் பொறுத்தவரை நாம் நன்கறிந்த இவ்வுண்மை, ஊணும் குடியும் பற்றிய எழுத்துக்களை ஆராயுமிடத்துப் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகின்றது.

வீட்டிலேயே பியர் தயாரித்தலும், சிறு ஆலைகளின் பியர்களைச் சுவைத்து மதிப்பிடுதலும் மேனாடுகளில் இன்று பரவலான பொழுதுபோக்கு. அதனைச் சூழ ஒரு தனி எழுத்துத்துறையே வளர்ந்துள்ளது. அத்துறையின் முன்னோடி எனத்தக்கவர் ஆங்கிலப் பத்திரிகையாளர் மைக்கேல் ஜாக்சன் (1942–2007); பெயரொற்றுமை கண்டு பாடகரோடு மயங்குதல் வேண்டா. அவருடைய எழுத்திலே நமது கண்டி நகரும் இடம்பெறுகின்றது. ஆதலால் இத்துறை நமக்குப் புறம்பானது என்று தள்ளிவிடுவதற்கில்லை.

ஜாக்சனின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். யோர்க்ஷயரில் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த அவர், திராட்சை மதுவுக்கு மட்டும் உரியதாயிருந்த சொல்வளத்தைத் தொழிலாளியின் பானமான பியருக்கும் உரியதாக்கினார். 1977இல் வெளிவந்த அவரது உலக பியர் வழிகாட்டி, நாடுதோறும் வழங்கிய பியர்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றையும் அதன் ஊரோடும் மரபோடும் சேர்த்து எடுத்துக்காட்டியது. பேராலைகள் ஒரே சுவையை உலகெங்கும் திணித்துவந்த காலத்தில் அஃது ஓர் எதிர்ப்புக் குரலாகவே ஒலித்தது. நுவரெலியாவில் உற்பத்தியான லயன் ஸ்டவுட் என்னும் கரிய பியரை அவர் வெகுவாகப் போற்றினார். கண்டியிலே அதனைக் கைப்பம்பினால் வார்த்துக்கொடுத்த கடையொன்றை உலகின் வாசகருக்கு அறிமுகஞ் செய்தார். சாமானியர் குடிக்கும் கடைக்குட் சென்று, அங்கு வார்க்கப்படும் பொருளைக் கருத்தூன்றி மதிப்பிட்டமை பாராட்டுக்குரியது.

ஆயின் அவரது வழிவந்தோர் எழுத்துக்களை நோக்குமிடத்து, அவரிடமிருந்து அவர்கள் பெற்றுக்கொண்டவை அடைமொழிகளே என்பது புலனாகின்றது. வறுத்த கோப்பி, உலர்ந்த பழம், கரிய சொக்கலேற்று என்று மணங்கள் அடுக்கப்படுகின்றன. மலைநாட்டில் பியர் எவ்வாறு வந்தது என்ற வினா மட்டும் எழுவதில்லை.

விடை கடினமன்று. மால்ட் எனப்படும் முளைகட்டிய வாற்கோதுமையின் இனிப்பு நீரை மதுவம் நொதிக்கச்செய்வதே பியர். ஸ்டவுட் போன்ற வகைகளுக்கு 20 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பம் ஏற்றது. லாகர் வகைக்கு அதனினும் மிகுந்த குளிர் வேண்டும். செயற்கைக் குளிரூட்டல் பரவாத காலத்தில், ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியைவிட, 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவே அதற்கு வாய்ப்பான இடமாயிற்று. அங்கு குடியேற்றமொன்றை நிறுவிய சாமுவேல் பேக்கர் 1849இல் பியர் தயாரிக்கத் தொடங்கினார். 1881இல் இலங்கை பியராலை அங்கே தோன்றியது. மால்ட்டும் ஹொப்ஸ் பூவும் கடல்கடந்து வந்தன. நீரும் குளிரும் கூலி உழைப்பும் மலை தந்தவை. தோட்டத்துரையின் தாகம் தணிய ஆலை எழுந்தது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்துவந்து, வழியிலே உற்றாரைப் புதைத்துவிட்டு மலையேறிய தொழிலாளிக்கோ சாராயத் தவறணை திறக்கப்பட்டது. 1990களின் இறுதியில் பியர் உற்பத்தி பியகமவுக்குப் பெயர்ந்தது. மலைக்குளிரின் தேவையை இயந்திரம் நீக்கிவிட்டது.

வீட்டுத் தயாரிப்பின் வரலாறு இதனினும் சுவையானது. இன்று அது ஓய்வுநேரத்துப் பொழுதுபோக்காகப் பேசப்படுகின்றது. ஆனால் இங்கிலாந்திலே அது ஒருகாலத்தில் உழைப்பாளியின் அன்றாட வீட்டுவேலைகளுள் ஒன்றாயிருந்தது. வில்லியம் கொபெற் 1821–22இல் வெளியிட்ட குடிசைப் பொருளாதாரம் என்ற நூலைப் பியர் தயாரிப்போடுதான் தொடங்குகிறார். மால்ட் மீது விதித்த வரியினால் ஏழை தன் வீட்டுப் பியரை இழந்தான் என்பதும், அதனிடத்தைச் சத்தற்ற தேநீர் பிடித்துக்கொண்டது என்பதும் அவர் முறைப்பாடு. அவர் பழித்த தேயிலை சீனத்திலிருந்து வந்தது. ஆயின் அந்நூற்றாண்டு முடியுமுன்னரே ஆங்கிலத் தொழிலாளியின் தேநீர்க் கோப்பையைக் கண்டி மலைகளும் நிரப்பத் தொடங்கிவிட்டன. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய பயிர்ச்செய்கை அதற்கு வழிகோலியது. அங்கே வீட்டுப் பியரை இழந்தவனும் இங்கே கொழுந்து பறித்தவளும் ஒருவரையொருவர் அறியார். அவர்களை இணைத்தது மூலதனம்.

பிரித்தானியாவில் 1880 முதல் வீட்டுத் தயாரிப்புக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. 1963இல் அந்நிபந்தனை நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம் வீட்டுப் பியருக்கு வரிவிலக்களித்தது. அதன் பின்னரே அப்பொழுதுபோக்கும் அதிலிருந்து கிளைத்த சிறு ஆலைகளும் அந்நாட்டிற் பெருகின. சட்டம் விலகிநின்ற இடத்தில் கைத்திறன் மீண்டது.

இக்கைத்திறன் மேனாட்டாருக்கே உரியது என எண்ணுதலும் தவறு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஆற்றி, அடை கலந்து, சாடியில் இரு பகலும் இரு இரவும் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்த மதுவைக் கூறுகின்றது. அந்த அடை நெல்முளையை இடித்துச் சேர்த்தது என்பது உரை. தானியத்தை முளைகட்டி அதன் மாப்பொருளை இனிப்பாக்கும் பியர் நுட்பமும் இதுவேயன்றோ! வீட்டிற் சமைத்த அத்தகைய நெல்மதுவுக்குத் தோப்பி என்ற பெயரும் அந்நூலிலேயே உண்டு.

கண்டிச் சுற்றுப்புறத்துக்கு உரியது கித்துள். சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டு வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இம்மரத்தின் இன்சாற்றையும் அதிற் காய்ச்சும் சர்க்கரையையும் வருணித்துள்ளார். தும்பறைப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் பாளைக்கு மருந்திட்டுச் சீவுகின்றனர். தெலிஜ்ஜ எனப்படும் பதநீர் புளிக்காதிருக்க ஹல் மரப்பட்டையை இடுவர். இடாவிடின் சில மணி நேரத்திற் கள்ளாகும். காற்றிலும் கலயத்திலுமுள்ள மதுவமே இதனைச் செய்துமுடிக்கும். பெல்ஜியத்து லாம்பிக் பியரும் இவ்வாறே காற்றிலும் பீப்பாயிலுமுள்ள மதுவத்தால் விளைவது. லாம்பிக்கைச் சுவைக்கப் பிரசல்சுக்குப் பயணிப்போர் உளர். அதன் புளிப்பை வருணிக்க நூறு சொற்கள் உள. கித்துள் கள்ளின் மணத்துக்கு விமரிசன மொழியில் ஒரு சொல்லாவது உண்டா? அதனை இறக்கும் மனிதனின் திறமையை அளவிட்டவர் யார்?

இவ்வேறுபாட்டை உண்டாக்கியது நாவன்று. பிரித்தானிய ஆட்சி சாராய விற்பனை உரிமையைப் பிரதேசந்தோறும் ஏலத்தில் விட்டுப் பணம் திரட்டியது. குத்தகை எடுத்தோர் செல்வராயினர். இலங்கை முதலாளி வர்க்கத்தின் ஆதி மூலதனத்திலே சாராயக் குத்தகை வகித்த முதன்மையான இடத்தைக் குமாரி ஜெயவர்த்தன 2000இல் வெளியான தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார். குத்தகைக்காரனின் இலாபத்துக்கு வீட்டுக் கள் பகையாயிருந்தது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் குத்தகை முறையை ஒழித்தது. ஆனால் கட்டுப்பாட்டை அரசின் கையில் இறுக்கியது. சொந்த நுகர்வுக்காயினும் அனுமதியின்றி மது தயாரித்தல் இன்றும் குற்றமே. எனவே கனடாவிலோ பிரித்தானியாவிலோ குடியேறிய நம்மவர் ஒருவர் நிலவறையிற் பியரை நொதிக்கவைத்தால் அது பொழுதுபோக்கு. அதே காரியத்தை மலையகத்து லயத்திற் செய்தால் அது வழக்கு.

இதனாற் கசிப்புக்கு நாம் பரிந்துபேசுவதாக எவரும் கொள்ளவேண்டா. சீனியையும் மதுவத்தையும் கொண்டு கள்ளத்தனமாகக் காய்ச்சி வடிக்கும் கசிப்பு, பியரைப் போன்றதன்று. அதன் கேட்டையும் தவறணையின் கேட்டையும் மற்றெவரினும் நன்கறிந்தவர்கள் தோட்டப் பெண்கள். கூலி வாங்கிய நாளில் அடுப்பு எரியாத வீட்டில் மதுவின் நறுமணம் பற்றிப் பேசுவது கொடுமை. ஆயின் இக்கேட்டுக்குக் காரணம் தொழிலாளியின் தாழ்ந்த சுவை என்பார் கூற்றையும் நாம் ஏற்பதற்கில்லை. நிதானமாகச் சுவைத்தற்கு ஓய்வு வேண்டும், நல்ல உணவு வேண்டும், நாளை பற்றிய அச்சமின்மை வேண்டும். இவற்றைப் பறித்துக்கொண்ட சமுதாயம், அவன் அளவறிந்து குடிப்பதில்லை என்று குறைகூறுவது முறையாகுமா?

இதற்கு ஒப்பான உதாரணம் நம் கண்முன்னேயே உள்ளது. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்துக்குச் செல்லும் கண்டித் தேயிலையைச் சுவைஞர் உறிஞ்சிப் பார்த்து, அதன் நிறத்தையும் திடத்தையும் நுண்ணிய சொற்களால் மதிப்பிடுவர். அச்சொற்கள் விலையாகின்றன. கொழுந்தைப் பறித்தவளோ லயத்திலே தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறாள். அவளுக்கும் நா உண்டு. அந்த நாவின் தீர்ப்பு எந்த ஏட்டிலும் பதியப்படுவதில்லை.

சுவை விமரிசனம் வேண்டாம் என்பதன்று நம் முடிவு. ஒரு பொருளை நுணுகி அறிவது அதனை ஆக்கியோனை மதிப்பதன் முதற்படி. ஜாக்சன் அப்படியை ஏறினார். அவர் வழிவந்தோர் அங்கேயே நின்று நுரையின் நிறத்தை எண்ணிக்கொண்டிருக்கின்றனர். மதுவத்தின் வகையைக் கேட்கும் விமரிசகன் கூலியின் அளவையும் கேட்கவேண்டும். நொதித்த நாட்களை எண்ணுபவன், அத்தொழிலை ஒருவனுக்குக் கலையாகவும் மற்றொருவனுக்குக் குற்றமாகவும் பிரித்த சட்டத்தையும் படிக்கவேண்டும். கித்துள் சீவுவோனின் கைத்திறனுக்கும் கொழுந்து பறிப்போளின் நாவுக்கும் மொழி கொடுக்கும் எழுத்தே சுவை பற்றிய முழுமையான விமரிசனமாகும். அத்தகைய எழுத்து இம்மண்ணிலிருந்துதான் பிறக்கவேண்டும். அதனை எழுதும் கடமை நம்முடையது.