கிராப்பும் சம்பந்தனின் பத்து வெள்ளியும்

2012 ஜூன் மாதம் கோலாலம்பூரில் 'மைடெக்சி' என்ற பெயரில் ஒரு கைப்பேசிச் செயலி வெளிவந்தது. ஆந்தனி டான், டான் ஹூய் லிங் என்ற இரு மலேசியர்கள் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்தபோது 2011-இல் ஒரு தொழில்திட்டப் போட்டிக்கு எழுதிக் கொடுத்த யோசனை அது. இரண்டாம் இடம் கிடைத்தது, 25,000 அமெரிக்க டாலர் பரிசும் கிடைத்தது. 2016-இல் அந்த நிறுவனம் கிராப் என்று பெயர் மாறியது. 2021 டிசம்பரில் ஏறக்குறைய 40 பில்லியன் டாலர் மதிப்பீட்டோடு நியூயார்க்கின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பேராக்கில், குறிப்பாக ஈப்போவிலும் அதைச் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டங்களிலும் நின்று இந்த வளர்ச்சியைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. காடி ஓட்டுநருடையது; காடிக் கடனும் அவருடையது. பயணி யார், கட்டணம் எவ்வளவு என்ற முடிவு மட்டும் ஏன் முழுக்க இன்னொருவர் கையில் இருக்கிறது?

குறை சொல்வதற்கு முன் இந்தச் செயலி எதைத் தீர்த்தது என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பழைய டாக்சித் தொழிலை இன்று பலர் ஏக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். அந்த ஏக்கத்தில் எனக்குப் பங்கில்லை. டாக்சி பெர்மிட்டுகளில் பெரும்பகுதி நிறுவனங்களிடம் குவிந்திருந்தது. ஓட்டுநர் நாள் வாடகை கட்டி அந்தக் காடியை எடுத்தார். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வாடகை நிற்காது. அந்த நெருக்கடி அப்படியே பயணியின் தலையில் இறங்கியது. ஈப்போ ரயில் நிலையத்து வாசலில் மீட்டர் ஓடாது, பேரம்தான் ஓடும். ஊருக்குப் புதியவர், வயதானவர், கையில் பிள்ளையோடு நிற்கும் பெண் என்று யாருக்குப் பேரம் பேசத் தெம்பில்லையோ அவர்களே அதிகம் கொடுத்தார்கள். டாக்சியும் கிடைக்காத இடங்களில் உரிமமில்லாத 'பிரபெட் சாப்பு' காடிகள்தான் கதி.

டான் ஹூய் லிங் கோலாலம்பூரில் வேலை பார்த்த காலத்தில் இரவு வெகுநேரம் கழித்து டாக்சியில் வீடு திரும்புவாராம். மகள் வந்து சேரும்வரை அவருடைய தாய் தூங்காமல் காத்திருப்பார் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் மகளுக்காகக் காத்திருக்கும் தாய்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏறுவதற்கு முன்பே கட்டணம் தெரிகிறது. ஓட்டுநரின் பெயர், முகம், காடி எண் தெரிகின்றன. காடி எங்கே போகிறது என்பதை வீட்டிலிருப்பவர் பார்க்கலாம். பல்லாண்டுகளாக அரசின் உரிம அமைப்புகளால் ஒழுங்காகச் செய்து தர முடியாத காரியம் இது. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குகிற விமர்சனம் எதுவும் பயணியின் பக்கமிருந்து எழுதப்பட்டதாக இருக்க முடியாது.

ஓட்டுநர் பக்கத்திலும் லாபம் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்த் தாமான்கள் வந்தன. லயத்து வீடுகளை விட்டு மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை, லாரி, காவல் வேலை என்று கதவுகள் சிலவே திறந்தன. செயலியில் சேரத் தொடக்கத்தில் ஒரு காடியும் உரிமமும் கைப்பேசியுமே போதுமாக இருந்தன. நேர்முகத் தேர்வு கிடையாது. பெயரைப் பார்த்தும் நிறத்தைப் பார்த்தும் விண்ணப்பத்தை ஓரமாக வைப்பவர் நடுவில் இல்லை. முதலாளி முன் கைகட்டி நின்ற பரம்பரையில் வந்த ஒருவருக்கு, இன்று எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று தானே முடிவெடுப்பது பெரிய விடுதலை. அதை மாயை என்று சொல்ல மாட்டேன்.

இந்த வசதிகள் எந்தப் பணத்தில் வந்தன என்ற கணக்கைப் பார்க்கும்போதுதான் என் ஐயம் தொடங்குகிறது. வளர்ச்சிக் காலத்தில் பயணி கொடுத்த கட்டணமும் ஓட்டுநர் பெற்ற ஊக்கத்தொகையும் உண்மையான விலைகள் அல்ல. 2014 முதல் சாஃப்ட்பேங்க் போன்ற முதலீட்டாளர்களின் பணம் இரு பக்கமும் கொட்டப்பட்டது. ஊபர் ஒரு பக்கம் கொட்ட, கிராப் மறுபக்கம் கொட்டியது. 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப்பிடம் ஒப்படைத்துவிட்டு, மாற்றாக அதில் 27.5 விழுக்காட்டுப் பங்கை வாங்கிக்கொண்டது. அந்த இணைப்பு போட்டியைக் கெடுத்தது என்று கூறிச் சிங்கப்பூரின் போட்டி ஆணையம் அதே ஆண்டு இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 13 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது. மலேசியப் போட்டி ஆணையம் 2019 அக்டோபரில் கிராப்புக்கு 86 மில்லியன் வெள்ளிக்கு மேல் அபராதம் முன்மொழிந்தது. ஓட்டுநர்கள் மற்ற செயலிகளின் விளம்பரத்தைத் தங்கள் காடியில் காட்டக்கூடாது என்ற கட்டுப்பாடுதான் அங்கே குற்றச்சாட்டு. சொந்தக் காடியில் எதை ஒட்டுவது என்பதைக்கூட ஓட்டுநர் முடிவு செய்ய முடியாத நிலை அது.

இவ்வளவுக்குப் பிறகும் 2021-இல் கிராப்பின் நட்டம் ஏறக்குறைய 3.6 பில்லியன் டாலர். அதில் ஒரு பகுதி பங்குச்சந்தைப் பட்டியலோடு வந்த கணக்கேட்டு நட்டம் என்றாலும், அடுத்த ஆண்டும் 1.7 பில்லியன் போனது. இவ்வளவு காலம் நட்டத்தில் நிற்க முடிந்தவரே சந்தையில் மிஞ்சுவார் என்றால், அந்தச் சந்தையில் நல்ல சேவை மட்டும் வெல்லவில்லை. ஆழமான பையும் சேர்ந்துதான் வென்றது.

அரசு சும்மா இருக்கவில்லை. 2019 ஜூலை 12 முதல் மின்னழைப்பு வாகனங்களுக்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன; மூன்று மாத அவகாசம் அக்டோபரில் முடிந்தது. ஓட்டுநர் பொதுச்சேவை வாகன (பி.எஸ்.வி.) உரிமம் எடுக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். மூன்று ஆண்டைத் தாண்டிய காடி வாகனத் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். தனிக் காப்புறுதியும் வேண்டும். நிறுவனம் எடுக்கும் தரகு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எல்லாம் தேவையான விதிகள். ஆனால் முதல் நான்குக்கும் ஆகிற செலவும் நேரமும் ஓட்டுநரிடமே வந்து நிற்கின்றன.

பத்து வெள்ளிக் கட்டணத்தில் இரண்டு வெள்ளி போனால் எட்டு மிஞ்சும். பெட்ரோல், டயர், எஞ்சின் எண்ணெய், காப்புறுதி, காடித் தவணை எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டும். தவணை ஒன்பது ஆண்டுவரை நீளும் நாடு இது. குடும்பக் காடி ஒன்று பல ஆண்டுகளில் ஓடும் தூரத்தை வாடகைக் காடி ஓரிரு ஆண்டிலேயே ஓடி முடித்துவிடும். வங்கியின் கணக்கில் பாதிக் கடன் இருக்கும்போதே காடியின் ஆயுள் தேய்ந்து போகிறது. மாதக் கடைசியில் கையில் புழங்கும் பணத்தை வருமானம் என்று எண்ணுகிறவர், தன் முதலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உண்கிறார் என்பது காடியை விற்கப் போகும் நாளில்தான் தெரியவரும். இந்தத் தேய்மானம் நிறுவனத்தின் ஏட்டில் எங்கும் ஏறாது.

தோட்டப் பக்கம் போனால் வேறொரு குறை தெரியும். செயலியின் உயிர் நெரிசலில் இருக்கிறது. இறக்கிவிட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ஆள் ஏற வேண்டும். ஈப்போ கிரீன்டவுனில் அது நடக்கும். சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் தோட்டத்தில் ஒரு கிழவியை இறக்கிவிட்டால், திரும்பும் வழியெல்லாம் வெறுங்காடிதான். அதனால் பலர் அந்த அழைப்பை எடுப்பதில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை, போகும் தூரத்துக்கு மட்டும் விலை போடும் கணக்கு அப்படி. பேரத்தில் நியாயமற்ற பழைய டாக்சிக்காரர் இந்த ஓர் இடத்தில் மட்டும் பயன்பட்டார். திரும்பும் செலவையும் சேர்த்துக் கேட்பார், ஆனால் வருவார். பேருந்து குறைந்துபோன இடங்களில்தான் மாற்று அதிகம் தேவைப்படுகிறது. செயலி அங்கேதான் மெலிந்து கிடக்கிறது.

சுங்கை சிப்புட் என்றதும் ம.இ.கா.வின் முன்னாள் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. அந்த ஊரில் பிறந்தவர் அவர். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர்களின் வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அந்தத் துண்டாடலைப் பொருளியலாளர் உங்கு அஸீஸ் விரிவாக ஆராய்ந்து 1962-இல் ஆவணப்படுத்தினார். சம்பந்தன் செய்தது வேறு: 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போனார். பங்கு நூறு வெள்ளி. தொழிலாளி மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். சேர்ந்த பணத்தில் விலைக்கு வந்த தோட்டங்களைச் சங்கமே வாங்கியது. முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். சங்கம் இன்றும் இயங்குகிறது.

அதைப் பொற்காலமாக்க வேண்டாம். சங்கத் தோட்டத்திலும் பால்மரம் வெட்டியவர் கூலிக்காரராகவே இருந்தார். பங்குதாரர் என்ற தகுதி அவருடைய அன்றாடத்தை அதிகம் மாற்றிவிடவில்லை. ஆனாலும் உழைக்கிற இடத்தின் உடைமையில் உழைப்பவருக்கும் ஒரு பங்கு என்ற கேள்வியை அந்தச் சங்கம் எழுப்பியது. செயலியைச் சுற்றி நாம் நடத்தும் வாதங்களில் அந்தக் கேள்வியைக் காணவில்லை. தரகு 20-ஆ 15-ஆ, ஊக்கத்தொகை ஏன் குறைந்தது என்பதோடு நின்றுவிடுகிறோம்.

2025 ஆகஸ்டு 28 அன்று மக்களவை நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டத்தை நான் வரவேற்கிறேன். தகராறுக்குத் தீர்ப்பாயம், பேச்சுக்கு ஆலோசனை மன்றம், சொக்சோ சமூகப் பாதுகாப்புக்குக் கட்டாயச் சந்தா ஆகிய மூன்றும் இத்தனை நாள் இல்லாதவை. காரணம் சொல்லாமல் கணக்கு முடக்கப்பட்ட ஓட்டுநருக்கு இனி போய் நிற்க ஒரு வாசல் உண்டு. ஆனால் அந்தச் சட்டமும் செயலி ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது என்ற ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டு அதற்குள் நியாயம் தேடுகிறது.

கூட்டுறவுச் செயலி முடியுமா? பெங்களூரில் 2022 நவம்பரில் வந்த 'நம்ம யாத்ரி' கூட்டுறவு அல்ல; ஆனாலும் தரகே எடுக்காமல், நாளுக்கு 25 ரூபாய் என்ற கட்டணத்தில் ஆட்டோ ஓட்டுநர்களை ஈர்த்தது. ஊபரும் ஓலாவும் வேரூன்றிய ஊரிலேயே அது நடந்தது. அதைப் பார்த்து ஈப்போவிலும் அப்படியே முளைக்கும் என்று நான் சொல்லவில்லை. அங்கே ஆட்டோக்காரர்கள் ஏற்கெனவே சங்கமாக இருந்தார்கள், ஊரும் நெரிசல் மிக்கது. சம்பந்தன் வாங்கிய சொத்து தரையில் கிடந்த நிலம்; பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து வாங்கலாம். இங்கே வாங்க வேண்டியது பயணியின் பழக்கம். அவசரத்தில் விரல் தானாகப் போய்த் தொடும் அளவுக்குக் கிராப்பின் பச்சைச் செயலியைப் பழக்கமாக்கப் பல பில்லியன் டாலர் போயிருக்கிறது. அந்தப் பந்தயத்தில் ஒரு கூட்டுறவு இறங்கினால் முதல் ஆண்டிலேயே மூழ்கும்.

ஆகவே பந்தயம் இல்லாத இடத்தில் தொடங்க வேண்டும். சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை போகிறவருக்கு இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடம் என்பது முன்பே தெரியும். ஈப்போவின் ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக்கு மாதச் சோதனைக்கு வரும் தோட்டத்து முதியவர்களுக்கும், தோட்டத்துப் பள்ளி மூடப்பட்டதால் தூரத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அப்படியே. இந்தப் பயணங்களுக்கு விநாடிக்கு விநாடி விலை மாற்றும் கணினி வேண்டாம். ஒரு நல்ல அட்டவணையும் நம்பகமான பத்திருபது காடிகளும் போதும். போகும்போது நால்வர், வரும்போது நால்வர் என்று சேர்த்துப் போட்டால் வெறுங்காடிச் சிக்கலும் பெருமளவு தீரும். ஓட்டுநர் மற்ற நேரத்தில் கிராப்பிலேயே ஓடட்டும். அதைத் தடுக்கக் காரணமே இல்லை. உரிமம், காப்புறுதி, கணக்கெழுத ஓர் ஆள் ஆகியவற்றுக்குத் தொடக்கப் பணம் வேண்டும். சுங்கை சிப்புட், கோப்பெங், பீடோர் வட்டாரத்து ஓட்டுநர்கள் தாங்களே பங்கு கட்டலாம். நிலத்துக்காகத் தொடங்கப்பட்ட சங்கம் தன் நிதியில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்க முடியுமா என்று அதன் உறுப்பினர்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.