374 குதிரைக்கு நடை பழக்குதல்

பிஎம்டபிள்யூ எம்340ஐ வாங்குகிறவருக்குச் சாவியோடு ஒரு தடையுத்தரவும் சேர்ந்தே கிடைக்கிறது. முதல் 2,000 கிலோமீட்டர் வரை எஞ்சின் 4,500 சுற்றைத் தாண்டக் கூடாது, வேகம் 160-ஐத் தாண்டக் கூடாது, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கவே கூடாது என்கிறது கையேடு. நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 4.4 விநாடி என்று பெயர் வாங்கிய கார் இது. அதை எடுத்துக் காட்டும் லாஞ்ச் கன்ட்ரோலையும் ரன்னிங்-இன் என்ற இந்தப் பழக்கும் காலம் முடியும்வரை தொடாதே என்று அதே கையேடுதான் சொல்கிறது. ஷோரூம் விலையே 70 லட்சத்துக்கு மேல். பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலையைத் தொடாதே என்பது போலத்தான்.

விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கம்பெனி கொடுக்கும் டெஸ்ட் கார் ஏற்கெனவே பலர் மிதித்து ஓய்ந்த கார். அதனால் முதல் 2,000 கிலோமீட்டரில் இந்த வண்டி எப்படி இருக்கும் என்று யாரும் எழுதுவதில்லை. வாங்கியவர் முதலில் வாழப்போவது என்னவோ அந்த 2,000-த்தோடுதான். திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில் வீடு இருக்கும் நண்பர் ஒருவர் சென்னையில் டெலிவரி எடுத்த காரை அவரோடு மாறி மாறி ஓட்டினேன். அந்தக் காலத்தை மட்டும் வைத்து எழுதுவது இது.

காரைப் பற்றி நாலு வரி. 2,998 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், பெட்ரோல், டர்போ. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் எக்ஸ்டிரைவ், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். 2021 மார்ச்சில் இங்கே அறிமுகமானபோது 387 குதிரைத்திறன். 2022 டிசம்பரில் வந்த திருத்திய பதிப்பில் 374. டார்க் அன்றும் இன்றும் 500 நியூட்டன் மீட்டர். பிஎம்டபிள்யூவின் வேக வகையான 'எம்' கார்களில் இந்தியாவிலேயே பாகங்களைக் கோத்துப் பூட்டப்பட்ட முதல் கார் இதுதான். பூட்டுகிற இடம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், 2007-இல் உற்பத்தி தொடங்கிய மகிந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலை. பரனூர் சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும்போது கார் தன் பிறந்த வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

இனி அந்தத் தடையுத்தரவுக்கு வருவோம். அதை ஏறக்குறைய எல்லோரும் தவறாகவே படிக்கிறார்கள். நம் ஊரில் ரன்னிங்-இன் பற்றிய ஞானம் முழுக்க புல்லட்டிலிருந்து வந்தது. திருவொற்றியூரில் செய்த பழைய 350-இன் வார்ப்பிரும்பு சிலிண்டரை வைத்துக்கொண்டு அப்பாக்களும் சித்தப்பாக்களும் சொன்ன அறிவுரை ஒன்றே ஒன்று: "அம்பதுக்கு மேல போகாதே." லேத்தில் ரீபோர் போட்டு எடுத்து வந்த லாரிக்கும் மெக்கானிக் அதையேதான் சொல்லி அனுப்பினார். அது வேகக் கணக்கு. அந்த எஞ்சின்களில் வேகம் ஏறினால் சுற்றும் ஏறும், சுமையும் ஏறும். ஒன்றைப் பிடித்தால் மற்றவை தாமாக அடங்கின. டர்போ எஞ்சினில் அந்த ஒழுங்கு கிடையாது. இந்தக் காரில் முழு 500 நியூட்டன் மீட்டரும் 2,000 சுற்றுக்கு முன்பே வந்துவிடுகிறது. முள் 2,500-இல் பவ்யமாக நிற்கும்போதே சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் உச்சத்தில் இருக்கலாம். 4,500-ஐத் தாண்டவில்லையே என்று நிம்மதியாக இருப்பவர், மூன்றாம் கியரில் லாரியை ஓவர்டேக் செய்ய அழுத்தி மிதித்தபோதே தடையின் பாதியை மீறிவிட்டார். பார்க்க வேண்டியது முள்ளை அல்ல, வலது பாதத்தை.

உள்ளே நடப்பது இது. சிலிண்டர் சுவரில் ஹோனிங் என்று குறுக்கும் மறுக்குமாக மிக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே போடுகிறார்கள், ஆயில் தங்குவதற்காக. பிஸ்டன் ரிங் அந்தச் சுவரில் உரசி, மேடுகளைத் தேய்த்து, தனக்கென ஒரு பொருத்தத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது பெரும்பாலும் எரிந்த வாயுவின் அழுத்தமே. எனவே சுமையே கொடுக்காமல் தடவித் தடவி ஓட்டினால் ரிங் சரியாகப் படியாது, சுவர் பளபளப்பேறிவிடும், பிறகு ஆயில் குடிக்கும். எடுத்த எடுப்பிலேயே முழுச் சுமை கொடுத்தால் மேடுகள் சூடேறிக் கிழியும். நடுத்தரமான சுமை, அதுவும் ஏறி இறங்கும் சுமை, இடையிடையே கால் எடுத்து எஞ்சின் பிரேக்கில் இறங்கும் ஓய்வு. இதைத்தான் எஞ்சின் கேட்கிறது.

"புது எஞ்சினை முதல் நாளே மிதி, அப்போதான் ரிங் செட் ஆகும்" என்றொரு கட்சியும் உண்டு. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துப் பக்கம் போனால் இந்தக் கட்சிக்கு உறுப்பினர் நிறைய. அதில் பாதி உண்மை இருக்கிறது. சுமை வேண்டும் என்பது சரி. ஆனால் பந்தய எஞ்சினைச் சில பந்தயங்களுக்கொரு முறை பிரித்துப் பார்ப்பார்கள். உங்கள் காரை யாரும் பிரிக்கப்போவதில்லை. மேலும் இன்றைய கடைசல் துல்லியத்தில் ரிங் படிகிற வேலை சீக்கிரமே முடிகிறது. மீதிக் கிலோமீட்டர்கள் டிஃபரென்ஷியல் பல்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் பிரேக்குக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். போர்ஷே ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் கேட்கிறது. செவர்லே இன்னும் கறார்: 2020 மாடல் கார்வெட் முதல் 500 மைல் வரை கீழ் கியர்களில் டார்க்கைத் தானே குறைத்துக்கொள்கிறது. பிஎம்டபிள்யூ அப்படிப் பூட்டுப் போடவில்லை, உங்கள் நல்லொழுக்கத்தை நம்புகிறது. அது நல்லதா என்பது வாங்கியவரின் வயதைப் பொறுத்தது.

சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர். இதில் திண்டிவனம் வரையிலான ஜிஎஸ்டி சாலை ரன்னிங்-இன்னுக்கு மோசமான சாலை. நன்றாக இருப்பதுதான் குற்றம். நூறில் விட்டால் எட்டாம் கியரில் எஞ்சின் 1,500 சுற்றை ஒட்டி உறங்குகிறது. க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்கத் தோன்றும். போடாதீர்கள். ஒரே வேகம், ஒரே சுற்று, சுமையே இல்லாத நிலை என்று மணிக்கணக்கில் ஓடுவதைக் கையேடுகளும் விரும்புவதில்லை, ரிங்கும் விரும்புவதில்லை. நாங்கள் செய்தது, கியரை ஸ்போர்ட்டில் வைத்து, ஐந்தாம் ஆறாம் கியரில் 2,000-க்கும் 3,000-க்கும் இடையே ஏற்றி இறக்கி வந்தது. பின்னால் வந்த டாக்சிக்காரருக்கு எங்கள் மேல் கோபம் வந்திருக்கும். எண்பதுக்கும் நூறுக்கும் இடையே காரணமில்லாமல் ஊஞ்சலாடும் காரை யார்தான் பொறுப்பார்கள்.

திண்டிவனத்தில் திரும்பியதும் எல்லாம் மாறுகிறது. செஞ்சி வரையிலும், செஞ்சியைத் தாண்டி ராஜகிரியும் கல் குன்றுகளும் பின்னால் போன பிறகும், ஊர், பள்ளிக்கூடம், நெல் ஏற்றிய டிராக்டர், திடீர் வளைவு, பஸ்ஸுக்குப் பின்னால் காத்திருப்பு, ஓர் ஓவர்டேக், மறுபடி ஊர். எஞ்சின் தானாகவே ஏறி இறங்குகிறது. நாம் நடிக்க வேண்டியதில்லை. பாதி மிதியிலேயே ஓவர்டேக் முடிந்துவிடுகிறது என்பது இந்தக் காரின் முதல் ஆச்சரியம். மூன்றாம் கியரில் 4,500-ஐத் தொடும்போதே தொண்ணூறு வந்துவிடும். அதற்கு வெகு முன்பே பஸ் கண்ணாடியில் சிறுத்துப்போகிறது. தடையுத்தரவு இவ்வளவு குறைவாக வலிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேலே சுற்றினால்தான் உயிர் வரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இது தண்டனை. இதில் மேல்மாடி மட்டும் பூட்டியிருக்கிறது, வீடு முழுக்கத் திறந்தே இருக்கிறது.

அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் புறத்தில் இருக்கிறது. பௌர்ணமி அன்று வண்டியை வெளியே எடுக்கும் பேச்சே கிடையாது. பாதை முழுக்க ஜனங்கள். மற்ற நாளிலும் 14 கிலோமீட்டர் பாதையில் வேகத்தடை, மாடு, குரங்கு, நடுச்சாலையில் நிதானமாக நடக்கும் காவி வேட்டி. கம்ஃபர்ட் மோடில் எஞ்சின் சத்தமே இல்லாமல் ஊர்வதால் முன்னால் நடப்பவருக்குக் கார் வருவதே தெரியாது. தாழ்ந்த கார் என்பதால் உயரமான வேகத்தடைகளைச் சற்றே சாய்வாக ஏற்றினால் மனம் நிம்மதி. சின்னப் பள்ளங்களில் சஸ்பென்ஷன் கொஞ்சம் அதட்டுகிறது, பின்சீட்டில் உட்கார்ந்த நண்பரின் அம்மா அதட்டலை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

பக்தியோடு மெல்ல வலம் வந்தால் எஞ்சினுக்கு நல்லது என்று நண்பர் நம்பிக்கொண்டிருந்தார். எஞ்சினுக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை. சுமையும் இல்லை, ஆயிலும் முழுச் சூட்டுக்கு வராது. காலையில் ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே உறும விட்டுச் சூடேற்றுவதும் வீண். புறப்பட்டுவிட வேண்டும், ஆயில் முழுச் சூட்டுக்கு வரும்வரை 2,500-க்குக் கீழே மெல்லப் போக வேண்டும். பால் வாங்கவும் பேப்பர் வாங்கவும் இந்தக் காரை எடுக்காதீர்கள் என்று நண்பரிடம் சொன்னதில் வருத்தப்பட்டது அவர் இல்லை, பக்கத்து வீட்டுப் பையன்.

ஊருக்கு வந்த வண்டிக்குப் பூசை போடாமல் விடுவார்களா? ஆதி அண்ணாமலையார் கோயில் வாசலில் மாலை, சூடம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். "மெதுவா முன்னாடி எடுங்கோ" என்றார் குருக்கள். மெதுவாகத்தான் எடுத்தோம். இந்த வகைக் கார் வைத்திருப்பவர்களுக்கு இங்கே உருப்படியான ஒரு யோசனை: முன் பம்பரில் வட்டமாகத் தெரிவதெல்லாம் பார்க்கிங் சென்சார், பொட்டு வைக்கும் இடமில்லை. அதன்மேல் சந்தனம் குங்குமம் காய்ந்தால் எதிரில் சுவர் இல்லாமலே கார் கத்தும். பொட்டை பானட்டில் வையுங்கள், சீக்கிரம் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மாலையை கிரில்லை மூடாமல் கட்டுங்கள், ஊர் எல்லை தாண்டுமுன் கழற்றிவிடுங்கள். ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும். "எத்தினி குடுக்குதுண்ணா?" என்று கேட்ட ஆட்டோக்காரருக்கு மட்டும் உண்மையைச் சொன்னோம். நெடுஞ்சாலையில் லிட்டருக்குப் பதினொன்று, பன்னிரண்டு. கிரிவலப் பாதையில் அதைக் கேட்காதீர்கள்.

எஞ்சினுக்கு நிஜமான பூசை நடந்த இடம் ஜவ்வாது மலை. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறும் மலைப்பாதை ரன்னிங்-இன்னுக்கென்றே போட்டது போலிருக்கிறது. ஏறும்போது இரண்டாம் மூன்றாம் கியரில், பாதி மிதியில், 3,000-க்கும் 4,000-க்கும் இடையே தொடர்ந்து மாறும் சுமை. இறங்கும்போது கால் எடுத்துவிட்டால் எஞ்சின் பிரேக். கொண்டை ஊசி வளைவுகளில் டிஃபரென்ஷியலுக்கும் வேலை. வளைவிலிருந்து வெளியே வரும்போது நான்கு சக்கரமும் பிடித்துத் தள்ளுவதையும், பின்பக்கம் இலேசாக முன்கை எடுப்பதையும் பாதி விசையிலேயே உணர முடிகிறது. ஸ்டியரிங் துல்லியம், ஆனால் சாலையின் சேதியைக் கைக்குக் கொண்டுவருவதில் கஞ்சத்தனம் காட்டுகிறது. பழைய 3 சீரிஸ் ஓட்டியவர்கள் இதைச் சொல்லியே தீருவார்கள், சரியாகவே சொல்வார்கள். கியர்பாக்ஸில் குறை தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: மலைக்கு முதல் நாளே போகாதீர்கள். புது டயர் முதல் 300 கிலோமீட்டர் வரை முழுப் பிடிப்புத் தராது. பிரேக் டிஸ்க்கும் பேடும் ஒன்றோடொன்று படிய ஏறக்குறைய 500 கிலோமீட்டர் ஆகும். இரண்டும் கையேட்டிலேயே இருக்கின்றன. எஞ்சின் சுற்றைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் இவற்றைப் பேசுவதே இல்லை. எஞ்சின் தவறாகப் படிந்தால் ஆயில் குடிக்கும், அவ்வளவுதான். பிரேக் பிடிக்காவிட்டால் வளைவு காத்திருக்காது. பேடின் பொருள் டிஸ்க்கில் சீரான மெல்லிய படலமாக ஏற வேண்டும் என்பதற்காக, ஆளில்லாத நேராக நீளும் சாலையில் எண்பதிலிருந்து முப்பதுக்கு நடுத்தரமாகப் பிடித்து, விட்டு, ஆற விட்டு, மறுபடி பிடித்தோம். சூடாக இருக்கும்போது முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டே நிற்கக் கூடாது. படலம் ஒரே இடத்தில் அப்பிக்கொண்டு பிறகு அதிர்வு கொடுக்கும். ஓடோமீட்டர் ஐந்நூறைத் தாண்டிய பிறகு பெடலின் கடி கூர்மையானது தெளிவாகத் தெரிந்தது.

எஞ்சினிலும் மாற்றம் தெரிந்ததா என்று கேட்டால், ஆயிரத்தைத் தாண்டிய பிறகு இன்னும் சுதந்திரமாகச் சுற்றுவது போலிருந்தது. அதில் எவ்வளவு எஞ்சின், எவ்வளவு பழகிய என் கால் என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

2,000 முடிந்த மறுநிமிடமே சிவப்புக் கோட்டுக்குப் போக அனுமதி கிடைத்துவிடவில்லை. சுற்றையும் வேகத்தையும் படிப்படியாக ஏற்றச் சொல்கிறார்கள். அந்தக் கட்டத்தில் எம்3 போன்ற முழு 'எம்' கார்களுக்கு எஞ்சின் ஆயிலும் பின் டிஃபரென்ஷியல் ஆயிலும் மாற்றியாக வேண்டும். எம்340ஐ-க்கு அந்தக் கட்டாயம் இல்லை. சர்வீஸ் அட்வைசர் "தேவையில்ல சார், ஸ்கிரீன்ல காட்டும்போது வாங்க" என்பார். அவர் சொல்வது கம்பெனி விதிப்படி சரி. ஆனாலும் ரிங்கும் பல்சக்கரமும் படியும்போது உதிர்ந்த துகளை அடுத்த பல ஆயிரம் கிலோமீட்டர் சுமந்துகொண்டு ஓட எனக்கு மனம் வராது. காரின் விலைக்கு முன்னால் இந்தச் செலவு சில்லறை. ஃபில்டரோடு சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், ஊற்றும் ஆயில் பிஎம்டபிள்யூ அனுமதித்த ரகம்தானா என்று பாருங்கள், பில்லில் கிலோமீட்டரைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். நண்பர் வாங்கி வைத்திருக்கிறார். லாஞ்ச் கன்ட்ரோலை எப்போது போட்டுப் பார்ப்பது என்பதில்தான் அவர் அம்மாவோடு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.