மூன்று அனார்கலிகள்: மௌனப்பட நடிகை சுலோச்சனாவின் திரைவாழ்வு

பேசும்படத்தின் வருகை மௌனப்பட நடிகையரின் திரைவாழ்வை முடித்துவைத்தது என்பது இந்தியத் திரை வரலாற்றில் பரவலாக வழங்கிவரும் கருத்தாகும். இதற்குச் சான்றாகப் பெரிதும் சுட்டப்பெறுபவர் சுலோச்சனா. அவருடைய படங்களைக் காலவரிசையில் வைத்து நோக்கினால் இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது என்பது புலனாகும்.

ரூபி மையர்ஸ் என்னும் இயற்பெயர் கொண்ட சுலோச்சனா, 1907இல் புனேயில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றிய அவரை, இயக்குநர் மோகன் பவ்னானி கோகினூர் நிறுவனத்தின் வழியாகத் திரைக்குக் கொண்டுவந்தார். நடிப்பு பெண்களுக்கு இழுக்கெனக் கருதப்பட்ட அக்காலத்தில், கதாநாயகி வேடங்கள் பெரிதும் யூத, ஆங்கிலோ-இந்தியப் பெண்களைச் சென்றடைந்தன. அவர்களுள் பலருக்கு இந்துப் பெயர்கள் சூட்டப்பெற்றன. 'டைப்பிஸ்ட் கேர்ள்' (1926) படத்தில் அலுவலகப் பணிபுரியும் நகரத்துப் பெண்ணாகத் தோன்றிய சுலோச்சனா, 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' (1927) படத்தில் ஆண்வேடங்கள் உட்பட எட்டு வேடங்களை ஏற்றார்.

1931இல் இம்பீரியல் நிறுவனம் 'ஆலம் ஆரா'வை வெளியிட்டபோது, அந்நிறுவனத்தின் முன்னணி நடிகையான சுலோச்சனா அதில் இடம்பெறவில்லை, சுபைதா நாயகியானார். தொலைபேசியில் பேசுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவருக்கு இந்துஸ்தானி மொழிப் பயிற்சியின்மையே தடையாயிற்று. அதே ஆண்டில் அதே நிறுவனம் தயாரித்த 'காளிதாஸ்' படத்தில், மௌனப்படங்களிலும் நாடக மேடையிலும் நடித்திருந்த டி. பி. ராஜலட்சுமி நாயகியானார். எனவே மௌனப்பட நடிகை என்பதே ஒருவரை விலக்கப் போதிய காரணமாக இருக்கவில்லை என்பது தெளிவு.

சுலோச்சனா மொழியைக் கற்றுத் திரும்பினார். 1932இல் 'மாதுரி' பேசும்படமாயிற்று; 1935இல் 'அனார்கலி'யும், 1936இல் 'பம்பாய் கி பில்லி'யும் வந்தன. இவை யாவும் அவருடைய மௌனப்படங்களின் மறுஆக்கங்கள் என்பது கருதத்தக்கது. பேசும்படத் துறை அவரை ஏற்றுக்கொண்டது. ஆயினும் முன்பு நடித்தவற்றையே மீண்டும் நடிக்கச் செய்தது. எட்டு வேடங்களில் வெளிப்பட்ட ஆற்றலுக்குப் புதிய களம் அமையாமையே அவரது தேய்வுக்கு முதன்மைக் காரணம் எனலாம்.

1928, 1935 ஆகிய ஆண்டுகளில் அனார்கலியாக நடித்தவர், 1953இல் வெளிவந்த 'அனார்கலி'யில் சலீமின் தாய் ஜோதாபாயாகத் தோன்றினார். அப்போது நாயகி பீனா ராய். நடுவயது நடிகைக்குத் திரைத்துறை ஒதுக்கிய இடம் தாய்வேடம் என்பதற்கு இம்மாற்றம் சான்றாகும். இவ்விலக்கம் ஒலியால் நேர்ந்ததன்று; மௌனப்படக் காலத்தைக் காணாத பிற்கால நடிகையரும் இதற்கு உள்ளாயினர்.

1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது சுலோச்சனாவுக்கு வழங்கப்பெற்றது. 1983இல் அவர் மறைந்தார். இந்திய மௌனப்படங்களுள் பெரும்பாலானவை அழிந்துவிட்ட நிலையில், அக்கால நடிகையரைப் பற்றிய மதிப்பீடுகள் வழிவழிச் செய்திகளையே சார்ந்து நிற்கின்றன. ஒலியின் வருகையை மட்டும் காரணமாகக் கொள்ளாது மொழி, வயது, நிறுவனங்களின் வணிகத் தேர்வு ஆகியவற்றைத் தனித்தனியே ஆராயும்போதே அம்மதிப்பீடுகள் வலுப்பெறும்.