மதுரைக் கழுமரமும் ஒரு நிருபரும்

1099 ஜூலையில் சிலுவைப் போர் வீரர்கள் எருசலேமைப் பிடித்தார்கள். அங்கே வெட்டுண்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல் என்கிறார் இப்னு அல் அதீர். அவர் பிறந்ததே 1160இல்தான்! அக்காலத்தில் அந்நாட்டுப் பக்கம் இருந்த இப்னுல் அரபி சொல்வது மூவாயிரம். கெய்ரோவில் கிடைத்த யூதர் கடிதங்களோ, சிறைப்பட்டவர்களைப் பணங்கொடுத்து மீட்ட கதையைச் சொல்கின்றன. இன்றைய நிருபர் ஒருவர் இதை எழுதினால் முதலில் கேட்பது, பார்த்தது யார், எழுதியது எப்போது, எண்ணியது யார் என்பதைத்தான்.

இதே கேள்விகளை நம் பெரியபுராணத்திடமும் கேட்டுப் பார்ப்போமே. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்று சேக்கிழார் பாடினார். சம்பவம் ஏழாம் நூற்றாண்டு. அவர் பன்னிரண்டாம் நூற்றாண்டு. சமணரைச் சாடிப் பாடிய சம்பந்தர் தேவாரத்தில் கழுவேற்றம் இல்லை. சமண நூல்களிலும் இல்லை. எட்டுக் குன்றம், எண்ணாயிரம் பேர் என்ற கணக்கைப் பார்த்தால் என் வியாபாரி புத்திக்குச் சந்தேகம் வருகிறது. பேரேட்டில் இவ்வளவு முழுசான தொகை விழுந்தால் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்போம் இல்லையா?

ஆனால் சேக்கிழாரைப் பொய்யர் என்று தள்ளிவிடுகிறவர்கள் அவரைச் சரியாகப் படிக்கவில்லை. தோற்றால் கழுவேற்றுங்கள் என்று சமணர் வாயாலேயே சொல்ல வைக்கிறார். சம்பந்தருக்குப் பகை இல்லை. மடத்துக்குத் தீ வைத்த குற்றத்தை எண்ணிச் சும்மா இருந்தார் என்கிறார். நிறைவேற்றுகிறவர் குலச்சிறையார். இத்தனை சமாதானம் எதற்கு? அந்தக் காட்சி கவிஞர் மனசையே உறுத்தியிருக்கிறது.

நிருபர் அடுத்து மலைக்குத்தான் ஏறுவார். சித்தன்னவாசலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். காலம் ஒன்பதாம் நூற்றாண்டு, ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் ஆட்சி. ஐவர்மலையில் 870இல் சாந்திவீரக் குரவர் பார்சுவ படாரரைப் புதுப்பித்து 505 காணம் பொன் வைத்தார். பாண்டிய நாட்டுச் சமணம் பூண்டோடு போய்விடவில்லை என்பதற்குக் கல்லே சாட்சி.

அதற்காக ஒன்றுமே நடக்கவில்லை என்றும் எழுத முடியாது. அரச ஆதரவு போனது நிஜம், தேவாரத்தில் தெரியும் கோபமும் நிஜம். எண்ணாயிரம் பேரை எங்கள் தியாகிகள் என்று சொல்லிக்கொள்ள, சமணன் எனக்கும் ஆசைதான். சாட்சி இல்லாமல் எப்படிச் சொல்வது?

இங்கே திருவனந்தபுரத்திலிருந்து மார்த்தாண்டம் வழியாகச் சிதறால் மலைக்கு ஒரு பகலில் போய்வரலாம். 1956 வரை அது திருவிதாங்கூர் மண்தான். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. அரட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்திகள் பகவதிக்குப் பொன் கொடுத்த செய்தி அது. குழந்தைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.