சோதனை ஊசியும் சுடும் ஊசியும்

முதுகெலும்பின் பின்புறத்தில் இணையிணையாக அமைந்த ஃபேசட் மூட்டுகள் தேய்ந்து தீராத வலியைத் தரும்போது, கத்தி வைக்காமல் அதனைத் தணிக்கக் கையாளப்படும் முறைகளுள் ரேடியோ அலையால் நரம்பைச் சுடுவது முதன்மையானது. மூட்டின் வலியை ஏந்திச் செல்லும் உள்கிளை நரம்பின் அருகே, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தி, அதன் முனையை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றி ஒன்றரை நிமிடம் வைத்தால், நரம்பு வெந்து செயலிழக்கிறது. மூட்டின் தேய்மானம் மட்டும் அப்படியே இருக்கிறது. நரம்பு மாதக்கணக்கில் மீண்டும் வளர்ந்துவிடுவதால், கிடைக்கும் நிவாரணமும் தவணைக்குட்பட்டதே.

அத்தவணை அற்பமானதன்று. வாகன விபத்துக்குப்பின் கழுத்துவலியால் வாடிய 24 பேரிடம் நடத்தப்பெற்று 1996இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பழைய வலியில் பாதியளவேனும் திரும்பிவர, உண்மையில் சுடப்பட்டவர்களுக்கு 263 நாள்களும், சூடேற்றாத ஊசி போடப்பட்டவர்களுக்கு 8 நாள்களும் நடுமதிப்பாக அமைந்தன. மாறாக, 681 பேரைக் கொண்டு 2017இல் வெளியான நெதர்லாந்தின் மூன்று ஆய்வுகளில், உடற்பயிற்சியோடு சுடுதலையும் பெற்றவர்கள், பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை எதையும் அடையவில்லை.

முன்னது கழுத்து, பின்னது இடுப்பு என்பதைக் கருதினாலும், இம்முரணுக்கான விளக்கத்தின் பெரும்பகுதி சுடுவதற்கு முன் நடக்கும் சோதனையில் இருப்பதாகவே தோன்றுகிறது. மரப்பு மருந்தைச் சில துளிகள் நரம்பருகே செலுத்தி, நோயாளியை எழுந்து நடக்கவும், குனியவும், வலியைக் கிளப்பும் அதே வேலையைச் செய்யவும் சொல்லி, வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடச் செய்வதே அச்சோதனை. ஆஸ்திரேலியர்கள் வெறும் உப்புநீரையும் இடையே செலுத்தி, பலமுறை சோதித்தே ஆள்களைத் தேர்ந்தனர். நெதர்லாந்தில் ஒரே ஊசியில் வலி பாதி குறைந்தாலே போதுமானதாயிற்று. ஒற்றைச் சோதனை பலரை ஏமாற்றும் என்பது முன்பே அறியப்பட்ட செய்தி. ஆயினும், தேர்வு தளர்ந்தது என்று கூறி அம்முடிவைத் தள்ளிவிட இயலாது. நடைமுறையில் பல மருத்துவமனைகளிலும் அதே தளர்வு நிலவுகையில், அங்குச் சுடப்படுபவர்களின் நிலையை அந்த ஆய்வுகளே நெருங்கிக் காட்டுகின்றன.

எம்.ஆர்.ஐ. படம் இக்குறையை ஈடுசெய்யாது; வலியே அறியாத முதியோரிடமும் தேய்ந்த மூட்டுகள் காணப்படுகின்றன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிற சிகிச்சைகள் பலனளிக்காமல், வலி 10க்கு 5 அல்லது அதற்குமேல் இருந்து, சோதனை ஊசியிலும் அது தணிந்தால் மட்டுமே சுடலாம் என்கிறது. இதற்கு முன்நிபந்தனையாகப் படம் எடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. இரண்டாம் சோதனையின் செலவையும் அலைச்சலையும் மிச்சப்படுத்துவது நோயாளிக்குச் செய்யும் உதவியாகத் தோன்றலாம். வலி வேறிடத்திலிருந்து எழுமாயின், பழுதற்ற நரம்பைச் சுட்டதற்கான கட்டணத்தையும் அவரே செலுத்தியிருப்பார்.