சேலம் இல் விற்பனை

ஒரு டாஷ்போர்டின் தலைப்பில் "சேலம் இல் விற்பனை" என்று இருந்தால் தமிழ் தெரிந்த யாருக்கும் அது புரியும். ஆனால் எந்தத் தமிழரும் வாழ்நாளில் ஒருமுறைகூட இப்படிப் பேசியிருக்க மாட்டார். சங்கப் பாடல் படித்தவருக்கு இன்னும் சங்கடம். அவருக்கு 'இல்' என்றால் வீடு, அல்லது இன்மை. சேலம் இல்லாத விற்பனையோ என்று ஒரு நொடி யோசிப்பார்.

நாவலையும் கவிதையையும் வரிவரியாகப் பிரித்துப் பேசும் நாம், நாள் முழுக்கத் திரையில் பார்க்கும் இந்த இரண்டு மூன்று சொற்களை வாசிப்புக்குரிய எழுத்தாகவே எண்ணுவதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு தொழிலாளியின் வாரக் கணக்கை ஒரு கம்பெனி எந்த வார்த்தையில் அவரிடம் சொல்கிறது என்பது விமர்சனத்துக்கு உட்பட்ட விஷயம்தான். எனக்குச் சோறு போடும் வேலை என்பதால் கொஞ்சம் உள்ளிருந்தும் பேச முடியும்.

அந்த வரி எப்படிப் பிறக்கிறது? ஆங்கிலத்தில் "சேல்ஸ் இன்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு காலி இடம் விடுகிறோம். ஊர்ப்பெயர் தரவிலிருந்து வந்து அங்கே உட்காரும். எந்த ஊர் வந்தாலும் ஆங்கில வாக்கியத்துக்கு ஒன்றும் ஆகாது. தமிழில் சேலம் சேலத்தில் ஆகும், ஈரோடு ஈரோட்டில் ஆகும், நாமக்கல் நாமக்கல்லில் ஆகும், மதுரை மதுரையில், கரூர் கரூரில். ஐந்து ஊர் வந்தால் ஐந்து விதமாக நடந்துகொள்கின்றன. மொழிபெயர்ப்பாளருக்குப் போவது ஒரு எக்ஸெல் கோப்பு. இடது பக்கம் "இன்", வலது பக்கம் வெற்றுக் கட்டம். அவர் "இல்" என்று எழுதுகிறார். வேறு என்ன எழுதுவார்? முழு வாக்கியத்தை அவர் கண்ணில் காட்டவே இல்லையே.

இதற்குப் பின்னால் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. குனு கெட்டெக்ஸ்ட் 1995இல் வந்தது. அதன் வழக்கப்படி ஆங்கில வாக்கியமே சாவி. மற்ற மொழிகள் அந்தச் சாவியைக் கொடுத்துத் தேடி எடுக்கும் பதில்கள். மென்பொருள் மொழிபெயர்ப்பில் பெரும்பகுதி இன்றும் இந்த மனப்பாங்கில்தான் ஓடுகிறது. ஆங்கிலத்தில் எத்தனை ஓட்டையோ, எல்லா மொழியிலும் அத்தனை ஓட்டை, ஏறக்குறைய அதே அர்த்தத்தில் இருக்கும் என்ற நம்பிக்கை. எண்ணிக்கை விஷயத்தில் இந்தத் துறை அடிபட்டுத் திருந்தியது. யூனிகோடு அமைப்பின் சிஎல்டிஆர் தரவுத்தொகுப்பில் அரபிக்கு ஆறு எண்ணிக்கை வடிவம், ஜப்பானியத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு. தமிழுக்குக் கொடுத்த இரண்டும் ஆங்கிலத்தைப் பார்த்துத் தைத்த சட்டை போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. நாம் "அஞ்சு ஆர்டர் வந்துச்சு" என்கிறோம், "பத்து மாடு நிக்குது" என்கிறோம். அஃறிணைக்குக் 'கள்' கட்டாயம் என்று தொல்காப்பியமே சொல்லவில்லை. திரையில் மட்டும் "5 ஆர்டர்கள்".

வேற்றுமை உருபு பக்கம் இந்த அளவுக்குக்கூட யாரும் வரவில்லை. துருக்கி, ஃபின்னிஷ், ஹங்கேரிய மொழிகளுக்கும் இதே தலைவலி. மொசில்லாவின் ஃப்ளூயன்ட், 2019இல் அதன் 1.0 பதிப்பு வந்தது, ஒரு பெயருக்கு வேற்றுமைவாரியாகப் பல வடிவங்களைச் சேமிக்க வழி தருகிறது. டாஷ்போர்டு கருவிகளில் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. பவர் பிஐயில் அட்டவணை, நெடுவரிசை, மெஷர் ஆகியவற்றின் பெயர்களுக்கு மொழிவாரியாக மாற்றுப்பெயர் கொடுக்கலாம். ரிப்போர்ட்டில் நாம் தட்டிய தலைப்புக்கும் பட்டனுக்கும் அந்த வசதி கிடையாது. ஆகவே தலைப்புகளையே தனி அட்டவணையில் தரவு மாதிரி போட்டுவைத்து, அங்கிருந்து இழுத்துக்கொண்டு வருகிறார்கள். சுற்றுவழிதான். ஆனால் ஒரு நன்மை உண்டு: சொல்லும் தரவுதான், அதற்கும் வரிசை, நெடுவரிசை, பராமரிப்பு எல்லாம் வேண்டும் என்று ஒத்துக்கொள்ள வைக்கிறது.

ஒத்துக்கொண்டால் வேலை சுலபம். தமிழ்நாட்டில் 38 மாவட்டம். மாவட்ட அட்டவணையில் கூடுதலாக ஒரு நெடுவரிசை போட்டு சேலத்தில், ஈரோட்டில் என்று நிரப்ப ஒரு மத்தியானம் போதும். அதற்கும் சோம்பலா? செய்தியாளர்கள் காலகாலமாகச் செய்வதைச் செய்யலாம்: "சேலம் மாவட்டத்தில்", "ஈரோடு கிளையில்". ஊர்ப்பெயர் அப்படியே நிற்கும்; உருபைப் பின்னால் வரும் பொதுச்சொல் வாங்கிக்கொள்ளும்.

எண்களிலும் இதே கதைதான். இந்தியத் தமிழுக்கு சிஎல்டிஆர் தரும் அமைப்பில் முழு எண் 1,23,45,678 என்று லட்சம், கோடிக்கு ஏற்பக் காற்புள்ளி வாங்கும். அதே எண்ணைச் சுருக்கிக் காட்டச் சொன்னால், நான் பார்த்த பதிப்புகளில் "12மி" என்று வருகிறது. மி என்றால் மில்லியன். சிங்கப்பூர், மலேசியத் தமிழருக்கு அது இயல்பு. அவர்களுடைய காற்புள்ளியும் அப்படித்தான் விழும். கோயம்புத்தூர் மில் முதலாளி 12மியைப் பார்த்தால் பன்னிரண்டு மில்லிமீட்டரா என்பார். மொழித் தேர்வுப் பட்டியலில் 'தமிழ்' என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. ஆனால் இலங்கையில் கணக்கியல் படித்தவருக்கு ஐந்தொகை. இங்கே பிளஸ் டூ பாடப் புத்தகத்தில் அதுவே இருப்புநிலைக் குறிப்பு.

எழுத்து வெட்டு பற்றி ஒரே வரி. 'விற்பனையாளர்' என்பதைக் குழந்தை எண்ணினால் 7 எழுத்து, கம்ப்யூட்டர் எண்ணினால் 12. பதினொன்றில் வெட்டினால் புள்ளி போய் 'விற்பனையாளர' என்று தொங்கும்.

இலக்கணத்தை எல்லாம் சரிசெய்துவிடலாம். சொல் தேர்வுதான் கஷ்டம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தையல் தளத்தில் மாட்டிய திரைக்கான வேலை. லேபிள்களை ஏற்கெனவே ஒரு ஏஜென்சி தமிழாக்கிக் கொடுத்திருந்தது. செக்கிங் பகுதி சூப்பர்வைசர் அக்கா நின்று பார்த்தார்.

"நிராகரிப்பு விகிதம்னா என்னங்க தம்பி?"

"ரிஜெக்ட்டுங்க அக்கா. நூறு பீஸுக்கு எத்தனை ரிஜெக்ட்டுன்னு."

"அப்ப அப்படியே போடலாமுங்கல்ல? இது கோர்ட்டுல மனுவைத் தள்ளுன மாதிரி இருக்குது."

இதை வைத்து, எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம் என்று முடிவுகட்டும் நண்பர்கள் இருக்கிறார்கள். அதே திரையின் கணக்குப் பக்கத்தில் 'அவுட்ஸ்டாண்டிங்' என்று இருந்தது. கடைவீதி முழுக்க அதற்குப் பாக்கி என்று பெயர். கொள்முதல், இருப்பு, பற்று, வரவு, பேரேடு என்று வணிகத் தமிழ் ஒரு முழு அகராதியையே வைத்திருக்கிறது. ரிஜெக்ட் தமிழா என்று சண்டைக்கு வரும் தூய தமிழ் நண்பர் பாக்கி எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை; அது அவர் தாத்தா காலத்திலேயே வந்துவிட்டது. இரண்டு தரப்புமே ஒரு காரியத்தைச் செய்யவில்லை: அந்தத் தளத்தில் அரைமணி நேரம் நின்று காதைக் கொடுக்கவில்லை.

காதைக் கொடுத்தால் கேட்டிருக்கும். ஏஜென்சி லேபிளில் 'பணி நேரம்' என்று போட்டு, எதிரே 12 என்று காட்டியது. திருப்பூரில் யாரும் வேலையை மணியில் எண்ணுவதில்லை, ஷிப்டில் எண்ணுகிறார்கள். எட்டு மணி ஒரு ஷிப்ட். பன்னிரண்டு மணி ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை கையில் வாங்கும் வாரச் சம்பளம் அந்தக் கணக்கில்தான். ஆக, தமிழில் எழுதியிருந்தும் அந்த நெடுவரிசையைத் தங்கள் சம்பளத்தோடு ஒப்பிட யாராலும் முடியவில்லை. லேபிளை 'ஷிப்ட்' என்று மாற்றி, எண்ணை எட்டால் வகுத்து, ஆள்வாரியாகக் காட்டினோம். அந்தச் சனிக்கிழமையே இரண்டு பேர் ஆபீஸ் வாசலுக்கு வந்து, கால் ஷிப்ட் குறைகிறது என்றார்கள். ஒருவர் நாள் மாற்றி எண்ணியிருந்தார். இன்னொருவருக்கு நிஜமாகவே குறைந்திருந்தது.