உண்ட கையோடு ஒரு துஆ

புதுச்சேரி முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கத்து வீடுகளில் சாப்பாடு பிஸ்மியில் தொடங்கி அல்ஹம்துலில்லாஹ்வில் முடியும். விரலில் ஒட்டிய பருக்கையையும் வீணாக்காமல் உண்டபின் ஓதும் அந்தச் சின்ன துஆவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உண்ணத் தந்ததற்கு, குடிக்கத் தந்ததற்கு, முஸ்லிமாக வாழவைத்ததற்கு என மூன்று நன்றிகள். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பிரியாணிக்கும் அதுதான், பழைய சோற்றுக்கும் அதுதான். ரமலான் மாலையில் பள்ளிவாசலில் ஊற்றும் நோன்புக் கஞ்சிக்குப் பின் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு எல்லாம் குழைந்த சூடான கஞ்சி. பகலெல்லாம் தண்ணீர்கூடப் படாத தொண்டைக்கு, அந்த இரண்டாவது நன்றியின் எடை அன்றுதான் முழுதாகத் தெரியும்.

பிரெஞ்சுக் காலத்தில் இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் முஸ்லிம்கள் பலர் சைகோனுக்குப் பிழைக்கப் போனார்கள். அங்கே டோங் டூ வீதியில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. ஊரும் மீனும் மாறியிருக்கும். சோற்றுக்குப் பின் சொல்லும் துஆ மாறியிருக்காது.

விருந்தாளிக்கு இன்னொரு துஆவும் உண்டு. நபித்தோழர் ஸஅத் இப்னு உபாதா வீட்டில் ரொட்டியும் எண்ணெயும் உண்ட நபிகள் நாயகம் (ஸல்), அந்த வீட்டில் நோன்பாளிகள் நோன்பு திறக்கவும் நல்லோர் உண்ணவும் வேண்டியதாக அபூதாவூத் நபிமொழித் தொகுப்பு சொல்கிறது. அடுப்படியில் நிற்பவர் காதிலும் விழும்படி அதை ஓதிவிட்டு எழுபவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.